சிவப்பு விளக்கு எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை: வீட்டு ஹீட்டரைப் படிப்படியாகச் சோதிக்கும் முறை

குளியலறைக்கு வெளியே இருக்கும் ஹீட்டர் சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் தாராளமாக வருகிறது. ஆனால் அரைமணி நேரம் காத்திருந்தாலும் அது வெதுவெதுப்பாகக்கூட மாறுவதில்லை. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் குடியிருப்பவர்களை இந்தக் கோளாறு குழப்புவதற்குக் காரணம் அந்தச் சிவப்பு விளக்குதான். விளக்கு எரிவதால் மின்சாரம் சரியாக இருக்கிறது, ஆகவே ஹீட்டர்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, புதிய கருவிக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். உண்மையில் அந்த விளக்கு, சுவிட்சைத் தாண்டி மின்சாரம் சென்றது என்பதை மட்டுமே சொல்கிறது. அது கருவிக்குள் போய்ச் சேர்ந்ததா, அங்கே வெப்பமாக மாறியதா, அந்த வெப்பம் நம் குழாய்வரை வந்ததா என்பவற்றைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

வெந்நீர் கிடைக்க மூன்று வழிகள் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் போதிய வேகத்தில் கருவிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். மின்சாரமோ எரிவாயுவோ கருவியை வந்தடைய வேண்டும். அந்த ஆற்றல் கருவிக்குள் வெப்பமாகித் தண்ணீரில் இறங்க வேண்டும். முதல் இரண்டையும் எந்த மூடியையும் கழற்றாமல் வீட்டில் இருப்பவரே சோதித்துவிடலாம். மூன்றாவது, அதற்கென உரிமம் பெற்றவரின் வேலை. அவரை அழைப்பதற்கு முன் முதல் இரண்டையும் முடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

குளிக்கும் இடத்திலேயே, கை எட்டும் உயரத்தில், கைஷவருடன் சேர்த்துச் சுவரில் மாட்டப்பட்ட சிறிய பெட்டி இன்ஸ்டன்ட் ஹீட்டர். அதில் தண்ணீர் சேமிக்கப்படுவதில்லை, ஓடும்போதே சூடாகிறது. பொய்க்கூரைக்கு மேலோ, சுவரின் உச்சியிலோ உருளையாகவோ பெட்டியாகவோ தொங்குவது ஸ்டோரேஜ் ஹீட்டர். ஒரே தொட்டியிலிருந்து இரண்டு குளியலறைகளுக்கும், சில வீடுகளில் அடுப்படிக்கும் குழாய் போகும். மூன்றாவது, அடுப்படியிலோ துணி காயவைக்கும் பின்கட்டிலோ மாட்டப்பட்ட, குழாய்வழி வரும் நகர எரிவாயுவில் இயங்கும் கேஸ் ஹீட்டர்.

வகையைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், ஒன்றில் கோளாறு எனக் கருதப்படுவது இன்னொன்றில் இயல்பு. இன்ஸ்டன்ட் ஹீட்டர் அரை நிமிடத்தில் வெந்நீர் தர வேண்டும், தராவிட்டால் கோளாறு. 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டரோ 3 கிலோவாட் காயிலுடன் (தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பிச் சுருள்) இருந்தாலும், நம் குழாய்களில் ஏறத்தாழ 28 டிகிரியில் வரும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுசெல்ல சுமார் 20 நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுக் குறை சொன்னால் அது ஹீட்டரின் குற்றமன்று.

தொடங்கும் முன்

ஹீட்டரின் உறையைத் திறக்கும் எண்ணமே வேண்டாம். 230 வோல்ட் மின்சாரமும் தண்ணீரும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும் கருவி அது. சுவிட்சிலோ ஹீட்டரிலோ கருகிய வாடை வந்தாலும், சுவிட்சின் பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தாலும், குழாயைத் தொடும்போது கை சுரீரென்றாலும், எந்தச் சோதனையும் செய்யாமல் மின்பெட்டியில் ஹீட்டருக்குரிய இணைப்பை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். எரிவாயு வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, தீக்குச்சியும் கூடாது. எரிவாயு மீட்டருக்கு அருகில் உள்ள வால்வை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகே தொலைபேசியில் உதவி கேட்க வேண்டும்.

படி 1: குளிர்ந்த நீர் எங்கெங்கே வருகிறது?

இந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் விடை கிடைக்கும். ஆனால் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. வெந்நீர் வரக்கூடிய எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பெரிய குளியலறை ஷவர், அங்குள்ள கைகழுவும் தொட்டி, சிறிய குளியலறை, அடுப்படி என எதையும் விடாதீர்கள்.

ஓர் இடத்தில் வெந்நீர் வந்து இன்னோர் இடத்தில் வராவிட்டால், ஹீட்டர் தன் வேலையைச் செய்கிறது. கோளாறு அந்தக் குறிப்பிட்ட குழாயில் இருக்கிறது. ஒற்றைப் பிடியை இடவலமாகத் திருப்பும் மிக்சர் குழாயின் உள்ளே கார்ட்ரிட்ஜ் என்னும் உருளை ஒன்று வெந்நீரையும் தண்ணீரையும் கலந்துவிடுகிறது. நாள்பட அதன் பீங்கான் தகடுகள் தேய்ந்தோ, மணல்துகள் சிக்கியோ, வெந்நீர்த் துளை முழுவதுமாகத் திறக்காமல் போகும். அந்த ஒரு பொருளை மாற்றினால் போதும். எல்லாக் குழாய்களிலும் ஒரேபோல் குளிர்ந்த நீர் வந்தால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். எல்லாவற்றிலும் வெதுவெதுப்பாக மட்டும் வந்தால், கீழே தண்ணீர் குறுக்கே புகுவதைப் பற்றிச் சொல்லும் பகுதியை முதலில் படியுங்கள்.

படி 2: தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது?

இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கும் கேஸ் ஹீட்டருக்கும் இந்தப் படிதான் உயிர்நாடி. தண்ணீர் ஓடாதபோது காயில் சூடேறினால் அது எரிந்துபோகும் என்பதால், இவ்விரண்டிலும் ஓட்டத்தை உணரும் ஒரு சிறிய கருவி இருக்கிறது. ஓட்டம் குறிப்பிட்ட அளவைத் தொட்டால்தான் அது மின்சாரத்தையோ எரிவாயுவையோ உள்ளே விடும். அளவு குறைந்தால் தண்ணீர் வரும், விளக்கு எரியும், சூடு மட்டும் வராது.

ஒரு லிட்டர் அளவுக் குவளை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஷவரைத் திறந்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 20 விநாடி என்றால் நிமிடத்துக்கு 3 லிட்டர். 30 விநாடிக்கு மேல் எடுத்தால் ஓட்டம் நிமிடத்துக்கு 2 லிட்டருக்கும் குறைவு. அந்த வேகத்தில் பல ஹீட்டர்கள் விழித்துக்கொள்ளவே மாட்டா. உங்கள் மாடலுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவு கையேட்டில் இருக்கும்.

ஓட்டம் குறைவாக இருந்தால் கைஷவரை அதன் குழலிலிருந்து கழற்றிவிட்டு, வெறுங்குழலில் தண்ணீரைத் திறந்து பாருங்கள். இப்போது சூடு வந்தால் கைஷவரின் துளைகள் அடைத்திருக்கின்றன. புளிக்கரைசலிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சரியாகிவிடும். அப்படியும் வராவிட்டால், ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சிறிய வலைவடிகட்டியைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் புளோக்கின் கூரைத் தொட்டி கழுவப்பட்ட பிறகோ, குழாய்ப் பணிக்காகத் தண்ணீர் நிறுத்தித் திறக்கப்பட்ட பிறகோ கோளாறு தொடங்கியிருந்தால், துருவும் வண்டலும் அந்த வலையில்தான் போய் உட்கார்ந்திருக்கும். வடிகட்டி வெளியிலிருந்தே கழற்றக்கூடியதாக இருந்து, கையேடும் அதை வீட்டாரே செய்யலாம் என்று சொன்னால், மின்பெட்டியில் இணைப்பை அணைத்து, ஹீட்டருக்குள் வரும் தண்ணீரை நிறுத்தும் ஸ்டாப் வால்வை மூடிய பிறகு கழுவலாம்.

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. தண்ணீரைச் சிக்கனப்படுத்துவதற்காகக் குழாய்க்குள் செருகும் திம்பிள் என்னும் சிறு ஓட்டக் குறைப்பானை, தண்ணீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் வீடுகளில் ஊக்குவித்து வந்திருக்கிறது. அது நல்ல பொருள். கைகழுவும் தொட்டிக்குப் பொருத்தமானது. ஆனால் நீரழுத்தம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஒரு வீட்டில் அதை ஷவர் குழாயில் செருகிவிட்டால், ஹீட்டருக்குத் தேவையான ஓட்டம் கிடைக்காமல் போகக்கூடும். முந்தைய உரிமையாளர் செருகியது நமக்குத் தெரியாமலேயே உள்ளே இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 3.3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டத்தில் தண்ணீரின் வெப்பத்தை ஏறத்தாழ 16 டிகிரி உயர்த்தும்; 28 டிகிரியில் வரும் தண்ணீர் 44 டிகிரியாகும். அதே ஹீட்டரில் ஓட்டத்தை நிமிடத்துக்கு 7 லிட்டராக்கினால் ஏறுவது 7 டிகிரிக்கும் குறைவு. 35 டிகிரித் தண்ணீர் உடலில் பட்டால் நமக்குச் சூடாகத் தோன்றாது. புதிய கைஷவர் வாங்கி மாட்டிய நாளிலிருந்து சூடு குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள், ஓட்டத்தைச் சற்றுக் குறைத்துப் பார்த்தால் போதும்.

படி 3: மின்சாரம் உண்மையில் போய்ச் சேர்கிறதா?

3.3 கிலோவாட் ஹீட்டர் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நம் வீட்டுச் சுவர்ச் செருகியின் எல்லை 13 ஆம்பியர். இதனால்தான் ஹீட்டருக்கு மின்பெட்டியிலிருந்து 20 ஆம்பியர் தனி இணைப்பும், மின்னோட்டக் கம்பிகள் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் தனிச் சுவிட்சும் வைக்கப்படுகின்றன. நீட்டிப்பு வயரில் ஹீட்டரை இணைத்திருக்கும் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வெந்நீர் வராதது பெரிய கவலையே அன்று.

சுவிட்சின் விளக்கு எரியாவிட்டால் மின்பெட்டியைத் திறந்து, ஹீட்டர் என்று எழுதப்பட்ட எம்சிபி (அந்த இணைப்புக்குரிய தானியங்கித் துண்டிப்பான்) கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒரு முறை மட்டும் மேலே தள்ளலாம். மறுபடியும் விழுந்தால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். வீடு முழுவதும் இருண்டுபோனால் விழுந்தது ஆர்சிசிபி என்னும் மின்கசிவுத் துண்டிப்பான். எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அது எச்சரிக்கிறது. எல்லா எம்சிபிகளையும் அணைத்து, ஆர்சிசிபியை மேலே தள்ளி, பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஹீட்டருடையதைப் போடும்போது மறுபடியும் எல்லாம் அணைந்தால், காயிலின் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹீட்டர் எம்சிபியை அணைத்தே வைத்துவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்தலாம்.

1985 ஜூலைக்கு முன் மின்னிணைப்பு பெற்ற சில வீடுகளில் ஆர்சிசிபியே இல்லாமல் இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அதை எரிசக்திச் சந்தை ஆணையம் கட்டாயமாக்கியது. பொருத்திக்கொள்ளக் கொடுத்த இரண்டாண்டு அவகாசமும் 2025 ஜூலை 1ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. உங்கள் மின்பெட்டியில் டெஸ்ட் என்று எழுதிய சிறு பொத்தானுடைய பட்டையான சுவிட்ச் தென்படாவிட்டால், வெந்நீர் இரண்டாம் பிரச்சினை. அதை முதலில் பொருத்துங்கள்.

சில இன்ஸ்டன்ட் ஹீட்டர்களின் உறையிலேயே மின்கசிவுப் பாதுகாப்பும் அதற்கான சோதனைப் பொத்தானும் மறுஇயக்கப் பொத்தானும் இருக்கும். குளியலறையைக் கழுவும்போது யாரோ அதை அழுத்திவிட்டிருக்கலாம். இது அற்பமாகத் தோன்றினாலும், எங்கள் வீட்டில் ஒரு முறை நடந்தது.

விளக்கு எரிகிறது, ஆனால் காயில் வேலை செய்கிறதா என்று தெரியவில்லை என்றால், உறையைத் திறக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உங்கள் வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால், மின்விநியோக நிறுவனமான எஸ்பியின் செயலியில் அரைமணி நேரத்துக்கு ஒரு முறை மின்பயன்பாடு பதிவாகும். ஸ்டோரேஜ் தொட்டியில் இருக்கும் வெந்நீரை முழுவதும் ஓடவிட்டுக் குளிர்ந்த நீரால் நிரப்பி, குளிரூட்டியையும் அடுப்படிக் கருவிகளையும் அணைத்துவிட்டு, ஹீட்டரை மட்டும் அரைமணி நேரம் போட்டு வையுங்கள். 3 கிலோவாட் காயில் 20 நிமிடம் எரிந்தால் ஒரு யூனிட் செலவாகும். பிறகு செயலியைப் பார்க்கும்போது அந்த நேரத்தில் ஒரு யூனிட் அளவுக்கு உயர்வு தெரிந்தால் காயில் நன்றாக இருக்கிறது. வெப்பம் எங்கோ தொலைகிறது. கோடு தட்டையாகக் கிடந்தால் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது காயில் அறுந்துவிட்டது. செயலி இல்லாதவர்கள் தொட்டிக்கு அருகில் காதை வைத்தும் அறியலாம்: சூடேறும் தொட்டி, அடுப்பில் வைத்த கெட்டில் பாடத் தொடங்குவதைப்போல, மெல்லிய சீற்றம் எழுப்பும்.

படி 4: ஸ்டோரேஜ் ஹீட்டரில் என்னென்ன நடக்கலாம்?

காயிலுக்கு மின்சாரம் போகவில்லை என்று தெரிந்தால், பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். காயில் அறுந்திருக்கலாம்; வெப்பத்தை அளந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம்; அல்லது, தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது தானே துண்டித்துக்கொள்ளும் கட்-அவுட் விழுந்திருக்கலாம். மூன்றாவதில் ஓர் ஆபத்து உண்டு. உறைக்குள் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் கட்-அவுட் மறுபடி வேலை செய்யும் என்று இணையக் காணொளிகள் காட்டும். அது விழுந்ததே தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோனதால்தான் என்றால், பொத்தானை அழுத்துவது கடைசிக் காவலாளியை அப்புறப்படுத்துவதற்குச் சமம். இது மின்பணியாளர் அளந்து பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. 3 கிலோவாட் காயிலின் மின்தடை சுமார் 17, 18 ஓம் இருக்க வேண்டும். அவர் அளக்கும்போது அருகில் நின்று அந்த எண்ணைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

வெந்நீர் வருகிறது, ஆனால் சட்டென்று தீர்ந்துவிடுகிறது என்பது வேறு கதை. தொட்டியில் 60 டிகிரியில் 25 லிட்டர் இருந்தால், அதைக் குழாய்நீருடன் கலந்து 38 டிகிரியில் குளிக்கும்போது கணக்குப்படி அதிகபட்சம் 80 லிட்டர் கிடைக்கும். உள்ளே புகும் குளிர்ந்த நீர் கலப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். 15 லிட்டர் தொட்டியில் 48 லிட்டர்தான். தீபாவளிக் காலையில் ஐந்து பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது மூன்றாமவருக்குத் தண்ணீர் குளிர்ந்துபோவது பழுதன்று, கணக்கு. ஆனால் முன்பு இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்த தொட்டி இப்போது ஒருவருக்கே போதவில்லை என்றால், குளிர்ந்த நீரை அடிப்பகுதிக்குக் கொண்டுசெல்லும் உள்குழல் உடைந்து, அது மேலேயே வெந்நீருடன் கலக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிமிர்த்தி மாட்ட வேண்டிய தொட்டியைப் படுக்கவைத்து மாட்டியிருந்தாலும் இதே விளைவுதான்.

தொட்டிக்குக் கீழுள்ள பாதுகாப்பு வால்விலிருந்து சூடேறும்போது சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தால் பதற வேண்டாம். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அளவுக்கு விரிவடைகிறது. அதற்குப் போக்கிடம் வேண்டும். அந்தச் சொட்டை நிறுத்துவதற்காக வால்வை அடைக்கவே கூடாது. சூடு இல்லாதபோதும் இடைவிடாமல் ஒழுகினால் மட்டும் ஆளை அழையுங்கள்.

தண்ணீர் குறுக்கே புகும் கோளாறு

இதற்கென்று தனிப்பகுதி ஒதுக்கக் காரணம், நல்ல ஹீட்டர்கள் வீணாகக் குப்பைக்குப் போவது இதனால்தான் என்று நான் நினைப்பதே. செங்காங்கில் இருக்கும் என் அக்கா வீட்டில் இரண்டு குளியலறைகளுக்கும் ஒரே தொட்டி. ஒரு நாள் முதல் இரண்டிலும் வெதுவெதுப்பான நீரே வந்தது. வந்து பார்த்த ஒருவர், மூடியைத் திறந்து மூடிவிட்டு, தொட்டியின் ஆயுள் முடிந்தது, புதிதாக மாற்றிவிடலாம் என்றார். அத்தானும் சரியென்று சொல்லும் நிலையில் இருந்தார். நான் போனபோது தொட்டியிலிருந்து புறப்படும் குழாயைத் துணி சுற்றித் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. அப்படியானால் வெந்நீர் புறப்படுகிறது, வழியில்தான் எதுவோ அதைக் குளிர்விக்கிறது.

அங்கே செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். ஹீட்டரின் சுவிட்சை அணையுங்கள். தொட்டிக்குள் குளிர்ந்த நீர் நுழையும் ஸ்டாப் வால்வை முழுவதும் மூடுங்கள். இப்போது ஏதேனும் ஒரு குழாயின் பிடியை வெந்நீர்ப் பக்கம் முழுவதுமாகத் திருப்பித் திறந்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். தொட்டிக்குள் தண்ணீர் போகாததால் தொட்டியிலிருந்தும் எதுவும் வரக்கூடாது. ஓட்டம் குறைந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் தொடர்ந்து வந்தால், அது தொட்டியின் நீரே அன்று. வீட்டில் எங்கோ ஒரு மிக்சர் குழாயின் வழியாகக் குளிர்ந்த நீர் வெந்நீர்க் குழாய்க்குள் தாவிப் புகுந்து, எல்லா இடங்களிலும் கலந்துகொண்டிருக்கிறது.

எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு மிக்சரின் கீழும் இருக்கும் சிறு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். எதை மூடும்போது அந்த ஓட்டம் நிற்கிறதோ அதுவே குற்றவாளி. அக்கா வீட்டில் அது கழிவறையில் கழுவிக்கொள்ளும் கைக்குழலான பிடே ஸ்ப்ரே. இளஞ்சூட்டில் நீர் வரட்டும் என்று அதை மிக்சருடன் இணைத்து, மிக்சரைத் திறந்தே விட்டு, கைப்பிடியின் விசையால் மட்டும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். முன்புறம் அடைபட்டு, பின்புறம் வெந்நீரும் தண்ணீரும் ஒன்றோடொன்று திறந்து கிடக்கும்போது, அழுத்தம் கூடிய பக்கம் மற்றதற்குள் புகத்தானே செய்யும்? மிக்சரை மூடியவுடன் வீடு முழுவதும் வெந்நீர் வந்தது. தொட்டி இன்றும் அதே இடத்தில்தான் தொங்குகிறது.

சோதனை முடிந்ததும் ஸ்டாப் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் சீராக நீர் வரும்வரை ஓடவிட்ட பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

பிள்ளைகள் இங்கிலாந்தில் படிக்கும் வீடுகளில், அறை சூடாகிறது, குழாயில் மட்டும் வெந்நீர் வரவில்லை என்று குளிர்காலத்தில் தொலைபேசி வருவதுண்டு. அங்குள்ள காம்பி பாய்லர், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய்க்கும் ஒரே அடுப்பிலிருந்து வெப்பத்தைப் பங்கிடுகிறது. குழாயைத் திறந்தவுடன் வெப்பத்தைத் திசைமாற்ற வேண்டிய டைவெர்ட்டர் வால்வு ஒட்டிக்கொண்டாலோ, ஓட்டத்தை உணரும் கருவி பழுதானாலோ, வெப்பமாற்றித் தகடுகளில் உப்புப் படிந்தாலோ இப்படி ஆகும். அங்கேயும் வழியில்தான் கோளாறு, அடுப்பில் அன்று. ஆனால் அதைத் தொடச் சட்டப்படி உரிமை உள்ளவர், எரிவாயுப் பணியாளர்களுக்கான கேஸ் சேஃப் பதிவேட்டில் இருப்பவர் மட்டுமே. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்குத் தெரிவிக்கச் சொல்வதே நம்மால் ஆனது.

படி 5: கேஸ் ஹீட்டர்

முதலில் அடுப்பைப் பற்றவையுங்கள். அதுவும் எரியாவிட்டால் எரிவாயு வரத்தில்தான் சிக்கல். மீட்டர் வால்வு மூடியிருக்கிறதா, அருகில் பணி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுப்பு எரிந்தால், ஹீட்டருக்கான தனி வால்வு குழாயின் திசையிலேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள்.

பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் காது கொடுங்கள். டிக் டிக் என்ற பொறிச் சத்தமே இல்லை என்றால், ஓட்டம் போதவில்லை அல்லது பொறிக்கு மின்சாரம் இல்லை. பல மாடல்களில் உறையின் அடியில் இரண்டு பெரிய பேட்டரிகள் இருக்கும். அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு ஆளை அழைப்பவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒன்று புதியது, ஒன்று பழையது என்று போடாதீர்கள். பொறிச் சத்தம் வந்தும் பற்றவில்லை என்றால், எரிவாயு உள்ளே வரவில்லை அல்லது பொறிமுனை அழுக்கேறியிருக்கிறது. பற்றி, சில விநாடிகளில் அணைந்தால் சுடரை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கலாம், ஆளை அழையுங்கள். நன்றாக எரிந்து, ஏறத்தாழ 20 நிமிடம் கழித்து அணைந்தால், அது சில மாடல்களில் இருக்கும் பாதுகாப்புக் கடிகாரம். குழாயை மூடித் திறந்தால் மறுபடி எரியும்.

கேஸ் ஹீட்டர் எரியும்போது அந்த இடத்தின் சன்னல் திறந்திருக்க வேண்டும். பின்கட்டைக் கண்ணாடியால் அடைத்துப் புதுப்பித்த பிறகு ஹீட்டர் அடிக்கடி அணைகிறது என்றாலோ, உறையில் கரி படிகிறது என்றாலோ, குளித்துவிட்டு வருபவருக்குத் தலைவலியும் குமட்டலும் வருகிறது என்றாலோ, அதைப் பயன்படுத்துவதை அக்கணமே நிறுத்த வேண்டும். காற்றோட்டம் குறையும்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. யாரேனும் மயங்கிக் கிடந்தால், அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 995 என்னும் அவசர உதவி எண்ணை அழையுங்கள். இன்னொன்று: நகர எரிவாயுவுக்குச் செய்யப்பட்ட ஹீட்டரைச் சிலிண்டரில் இணைக்கக்கூடாது, மலேசியாவில் மலிவாகக் கிடைக்கிறதென்று சிலிண்டருக்குரிய ஹீட்டரை வாங்கிவந்து இங்கே மாட்டவும் கூடாது. இரண்டின் எரிமுனைத் துளைகளும் வெவ்வேறு.

படி 6: ஆளை அழைக்கும்போது

மின்னிணைப்புக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்; ஸ்டோரேஜ் தொட்டியை மாற்றுவதற்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர்; எரிவாயுக் குழாய்க்கு உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர் என்று மூவரும் வேறு வேறு. ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: எந்தெந்தக் குழாயில் வெந்நீர் இல்லை, ஒரு லிட்டர் நிறைய எத்தனை விநாடி, எம்சிபி விழுந்ததா, தொட்டிக் குழாய் சூடாக இருந்ததா, ஸ்டாப் வால்வை மூடியபோது ஓட்டம் நின்றதா. இந்த ஐந்துக்கும் விடை தெரிந்தவரிடம், திறந்து பார்க்காமலேயே புதியது வாங்கச் சொல்வது எளிதன்று. மாடல் எண்ணையும் வாங்கிய ஆண்டையும் படம் எடுத்து அனுப்பினால், உதிரிப்பாகத்தைக் கையோடு கொண்டுவருவார்.

வெந்நீரில் துருநிறம் தெரிந்தாலோ, தொட்டியின் உடலிலிருந்தே நீர் கசிந்தாலோ, பழுதுபார்க்கப் பணம் செலவிட வேண்டாம். உட்பக்கம் அரித்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். புதியதில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்குபவர்கள் தவறவிடுவது இதைத்தான். வேலை முடித்துப் பணியாளர் சுவிட்சைப் போடப் போகும்போது, வெந்நீர்க் குழாயைத் திறந்து தொட்டி நிறைந்துவிட்டதா என்று அவர் பார்த்தாரா எனக் கேளுங்கள். வெறும் தொட்டியில் சுவிட்சைப் போட்டால், புதிய காயில் சில நிமிடங்களில் கருகிவிடும்.